பழைய ஜீப்பைப் புதுக்கும்போது இன்ஜினுக்கு முன் பார்க்க வேண்டியது சேஸிஸ்

போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி மலைப்பாதைகளுக்குக் கீழே இருக்கிற ஊர்களில் ஜீப் என்பது உழைக்கிற வண்டி. விடியுமுன் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும், பொழுது சாயும்போது இறங்கும். அதனால்தான் நெடுங்கண்டம், வண்டன்மேடு, கட்டப்பனைப் பக்கம் எந்தப் பழைய கொட்டகையைத் திறந்தாலும் ஒரு மஹிந்திரா வில்லிஸ் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்க வாய்ப்பு உண்டு. பானட் உயரமாக இருந்தால் அது சிஜே-3பி. இன்டேக் வால்வை மேலே வைத்த ஹரிக்கேன் இன்ஜின் பழைய இன்ஜினைவிட உயரம் என்பதால், அதை உள்ளே அடக்கத்தான் பானட்டை அவ்வளவு தூக்கினார்கள்.

இப்படி ஒரு வண்டி கையில் கிடைத்ததும் எல்லாரும் முதலில் கேட்பது, "என்ன இன்ஜின் போடலாம்ணே?" என்பதுதான். அந்தக் கேள்வி மூன்றாவதாக வரவேண்டியது. முதல் கேள்வி, ஆர்.சி. (பதிவுச் சான்று) புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது. இரண்டாவது, சேஸிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டகம், நேராக இருக்கிறதா. இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் இன்ஜினுக்குப் பணம் கொடுத்தவர்களின் வண்டிகள் பாதி வேலையில் பட்டறை ஓரத்தில் நிற்கின்றன.

ஆர்.சி.யிலிருந்தே தொடங்குவோம். அதில் சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், எரிபொருள், குதிரைத்திறன், கன அளவு, வீல்பேஸ் (முன், பின் சக்கர நடுவுகளுக்கு இடைப்பட்ட தூரம்), இருக்கை எண்ணிக்கை, வெற்று எடை எல்லாம் இருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது. அனுமதி பெற்றுச் செய்கிற மாற்றத்தையும் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில்தான் இதை அழுத்தமாகச் சொன்னது. அதே ஆண்டுச் சட்டத் திருத்தத்தில், இப்படி மாற்றிய உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்று வந்துவிட்டது. குமுளி செக்போஸ்ட்டைத் தினமும் தாண்டுகிற வண்டிக்கு இது ஏட்டில் மட்டும் இருக்கிற சட்டம் கிடையாது.

ஆகவே, முடிவில் வண்டி எப்படி நிற்கப் போகிறதோ, அந்த விவரம் ஏற்கெனவே எழுதப்பட்ட ஆர்.சி. உள்ள சேஸிஸைத் தேடுங்கள். டீசல் வண்டி வேண்டுமா, டீசல் என்றே பதிவான சேஸிஸை வாங்குங்கள். பெட்ரோல் ஆர்.சி. உள்ள வண்டியில் டீசல் இன்ஜினை இறக்கிவிட்டு, "பிறகு ஆபீசில் பேசிக்கொள்ளலாம்" என்று நினைக்க வேண்டாம். எழுத்தில் அனுமதி வந்த பிறகுதான் ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

இன்னொரு கிளை உண்டு. வண்டிக்கு 50 வயது தாண்டி, சொந்த இன்ஜினும் உடலும் சேஸிஸும் மாறாமல் இருந்தால் அது விண்டேஜ் பதிவுக்குத் தகுதியானது. 2021-இல் வந்த விதிப்படி 'விஏ' வரிசை எண், பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டு. ஆனால் சேஸிஸ், உடல், இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது, தினசரி ஓட்டவும் கூடாது. அப்படி ஒரு வண்டி கிடைத்தால் வேறு இன்ஜின் போடும் கன்வர்ஷன் என்ற பேச்சையே விட்டுவிடுங்கள். பிஸ்டன் ரிங், வால்வு, பேரிங் போட்டு அந்த இன்ஜினையே உயிர்ப்பிக்கலாம். முழுதாக மிஞ்சியிருப்பவை குறைவு. அதை வெட்டி வேறு ஏதோவாக மாற்றுவது மனசுக்கு ஒப்பாத காரியம்.

கேரளப் பதிவு வண்டியைத் தேனிப் பக்கம் கொண்டுவருகிறவர்கள், படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வாங்காமல் முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டாம். பழைய கையெழுத்து ஆர்.சி. கணினியில் ஏறியிருக்கிறதா, பசுமை வரி உட்பட வரி பாக்கி இருக்கிறதா, ஹைப்பாதிகேஷன் (வண்டிக்கடன் அடமானக் குறிப்பு) நீக்கப்பட்டதா என்று பாருங்கள். சேஸிஸ் நம்பர் பஞ்ச் செய்த இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மேலே வெள்ளைத்தாள் வைத்துப் பென்சிலால் அச்சு எடுத்து, ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். நம்பர் இருக்கிற இடத்தில் கிரைண்டர் கோடோ, மேலே வைத்துப் பற்றவைத்த தகடோ தெரிந்தால், என்ன விலைக்குக் கொடுத்தாலும் அந்த வண்டி வேண்டாம்.

காகிதம் சரி என்றால் சேஸிஸுக்கு வருவோம். இதற்கு ஒரு முழுநாள் ஒதுக்குவது வீணே இல்லை.

முதலில் கழுவ வேண்டும். மலைமேல் ஓடிய வண்டியின் சேஸிஸுக்குள்ளே செம்மண்ணும் சருகும் இறுகிக் கிடக்கும். தென்மேற்குப் பருவமழை முழுக்க அது ஈரத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளிருந்து அரிக்கும். மழை மறைவுப் பகுதியான கம்பம் பள்ளத்தாக்கில் ஓடிய வண்டியில் துரு குறைவு, ஆனால் ஆள் பாரத்தில் வந்த விரிசல் அதிகம். இரண்டு பக்கத்து வண்டிக்கும் நோய் வேறு. கழுவிக் காய்ந்த பிறகு கால் கிலோ சுத்தியலால் இரண்டு நீளத் தண்டையும் கை அகலத்துக்கு ஒரு தட்டு என்று தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு 'டங்' என்று கேட்கும். அரித்த இடம் 'தொப்' என்று அமுங்கும். இரண்டு தகடு சேர்ந்து சாண்ட்விச் ஆன இடம், பின் கிராஸ் மெம்பர் (குறுக்குச் சட்டம்), தண்டின் முன்முனையான முன் கொம்பு, இந்த மூன்றிலும்தான் துரு முதலில் உட்காரும். தகடு உப்பியிருந்தால் நடுவில் துரு வளர்ந்து தள்ளுகிறது என்று அர்த்தம்.

விரிசலுக்கு என்று சில இடங்கள் உண்டு. ஸ்டீயரிங் பாக்ஸ் உட்காரும் தண்டு, கமான் பட்டையைச் சேஸிஸோடு பிடிக்கும் ஹேங்கரின் ரிவிட்டைச் சுற்றி, கியர் பாக்ஸ் கிராஸ் மெம்பர் முனை, பின்னால் இழுவைக் கொக்கியின் முட்டு. பெயின்ட்டுக்கு அடியில் மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது. மண்ணெண்ணெய் தடவி அரைமணி விட்டுத் துடைத்து, சாக்பீஸ் தூளைத் தூவிப் பாருங்கள். விரிசலுக்குள் இறங்கிய எண்ணெய் வெள்ளைத் தூளில் ஒரு கறுத்த கோடாக ஊறி வரும்.

அடுத்தது நேர் பார்ப்பது. சிமென்ட் தரையில் நான்கு ஸ்டாண்டு வைத்து, சேஸிஸை ஏற்றி, டியூப் லெவலால் மட்டம் பிடியுங்கள். நான்கு ஹேங்கர் பின்னின் நடுவிலிருந்தும் கொத்தனார் வைத்திருக்கிற தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, தரையில் புள்ளி வையுங்கள். சேஸிஸை நகர்த்திவிட்டுப் புள்ளிகளை அளக்கலாம். குறுக்கு மூலைகள் இரண்டும் சமமாக வரவேண்டும். 3 மில்லிமீட்டர் வித்தியாசம் பொறுக்கலாம். 6-ஐத் தாண்டினால் சேஸிஸ் சாய்சதுரமாகக் கோணியிருக்கிறது. அந்த வண்டி நேராகப் போகாது, டயரைத் தின்னும், எத்தனை அலைன்மென்ட் பார்த்தாலும் சரிவராது. இரண்டு பக்கத்து வீல்பேஸையும் தனித்தனியாக அளந்து ஒப்பிடுங்கள். முறுக்குப் பார்க்க, முன்னும் பின்னும் தண்டின்மேல் ஒரே கனமுள்ள இரண்டு சதுரக் குழாய்களைக் குறுக்கே வைத்து, ஒரு கோடியில் குனிந்து ஒன்றின் விளிம்போடு மற்றதன் விளிம்பைக் கண்ணால் சேர்த்துப் பாருங்கள். ஒரு பக்கம் தூக்கித் தெரிந்தால் முறுக்கு.

கோணியதைப் பிரஸ்ஸில் நிமிர்த்தலாம். தீயில் பழுக்கக் காய்ச்சி நிமிர்த்த விடாதீர்கள். அந்த இடம் மெத்தென்று ஆகி, பாரம் ஏறியதும் மறுபடி அங்கேயே மடங்கும்.

விரிசலைப் பற்றவைக்கவும் ஒரு முறை இருக்கிறது. விரிசல் முடியும் நுனியில் 3 அல்லது 4 மில்லிமீட்டர் துளை போட வேண்டும். இது இல்லையென்றால் வெல்டிங்குக்கு அப்பால் விரிசல் ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு 'வி' போலப் பள்ளம் எடுத்து, உலர்த்திய 7018 வெல்டிங் ராடு, 3.15 மில்லிமீட்டர். மேலே வலுத்தகடு வைப்பதானால் தண்டின் கனமே போதும், வடிவம் வைரம் போலச் சாய்வாக இருக்கட்டும். சதுரத் தகட்டை வைத்து மேலிருந்து கீழாகச் செங்குத்தாக ஒரு கோடு வெல்டு போட்டால், அந்தக் கோட்டை ஒட்டியே தண்டு ஒடியும். மேல், கீழ் விளிம்பு ஓரத்தில் வெல்டிங் கூடவே கூடாது. வளைவின் இழுப்பு முழுக்க அங்கேதான். ஆடுகிற ரிவிட்டை மேலே சுட்டு ஒட்டாதீர்கள். துளையிட்டு எடுத்து, ரீமர் ஓட்டி, இறுக்கமாக நுழையும் 8.8 அல்லது 10.9 கிரேடு போல்ட்டும் நைலாக் நட்டும் போடுங்கள்.

இனி, அதிகம் பேர் சறுக்குகிற இடம். சிஜே-3பி-யின் வீல்பேஸ் 80 அங்குலம், அதாவது 2,032 மில்லிமீட்டர். எம்எம்540 போன்ற பிந்தைய டீசல் ஜீப்பின் வீல்பேஸ் 91 அங்குலம். "ஓடுகிற 540-ஐ வாங்கி, அதன் சேஸிஸ்மேல் பழைய உடலைத் தூக்கி வைத்தால் வேலை முடிந்தது" என்று கேட்கச் சுலபமாக இருக்கும். வைத்துப் பார்த்தால் பின்சக்கரம் மட்கார்டு வளைவுக்கு ஒரு சாண் பின்னால் போய் நிற்கும். அதற்காகச் சேஸிஸை நடுவில் வெட்டி 11 அங்குலத்தை எடுத்துப் பற்றவைக்கிறார்கள். ஆள் ஏற்றி மலையிறங்கும் வண்டியில், பாரம் மொத்தமும் தாங்கும் நடுத்தண்டில் இரண்டு வெல்டிங். ஆர்.சி.யில் இருக்கிற வீல்பேஸும் பொய்யாகிவிடும். இதை நாங்கள் எந்த நிபந்தனையிலும் செய்வதில்லை, யாரையும் செய்ய விடுவதும் இல்லை. உடலுக்கு ஏற்ற சேஸிஸ், சேஸிஸுக்கு ஏற்ற உடல்.

அம்பாசடர், பத்மினி வைத்திருப்பவர்களும் சேஸிஸ் மாற்றலாமா என்று வருகிறார்கள். அவற்றில் தனிச் சேஸிஸே கிடையாது, உடலும் தரையும் சேர்ந்துதான் பாரம் தாங்குகின்றன. கதவுக்கு அடியில் ஓடும் பெட்டித் தகடும், பின் கமான் ஹேங்கர் பிடிக்கும் இடமும்தான் அதற்குச் சேஸிஸ். அங்கே துரு என்றால் தகடு வேலை, வேறு வழி இல்லை. ஸ்டாண்டர்டு ஹெரால்டில் மட்டும் தனிச் சேஸிஸ் உண்டு, உடலைப் போல்ட் கழற்றித் தூக்கிவிடலாம்.

பாகங்களைத் தேர்ந்தெடுக்க எளிய வழி, தொழிற்சாலை ஏற்கெனவே சேர்த்து ஓட்டிய ஜோடியை அப்படியே எடுப்பது. அம்பாசடரில் பிற்காலத்தில் இசுசு 1.8 இன்ஜின் வந்தது. அந்த வண்டியின் பெல் ஹவுசிங், மவுன்ட், கியர் பாக்ஸ் எல்லாம் ஒரே தொகுதியாகக் கிடைக்கும். ஜீப்பில் பெஜோ வழி வந்த எக்ஸ்டிபி 4.90 டீசல், நான்கு சிலிண்டர், 90 மில்லிமீட்டர் போர், 2,112 சிசி. கொஞ்சம் சுற்றிவிட்டால் சுகமாக ஓடும், சிறிய வண்டிக்கு ஏற்றது. 2,523 சிசி எம்டிஐ இன்ஜினுக்குக் கீழ்ச்சுற்றில் இழுவை அதிகம், ஏற்றத்தில் கியர் மாற்றும் வேலை குறையும், ஆனால் அதிர்வும் சத்தமும் கூடுதல். தோட்ட வேலைக்கு எம்டிஐ, குடும்பத்தோடு போய்வர எக்ஸ்டிபி என்பது எங்கள் கணிப்பு. எதை எடுத்தாலும் இன்ஜின், பெல் ஹவுசிங், கிளட்ச், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்ஸிலுக்கு இழுவையைப் பிரிக்கும் பெட்டி) ஐந்தையும் ஒரே வண்டியிலிருந்து பிரிக்காமல் வாங்குங்கள். கோவை உக்கடத்திலோ சென்னை புதுப்பேட்டையிலோ குமுளிப் பக்கத்து ஆக்ரிக் (பழைய இரும்பு) கடையிலோ தனித்தனியாகப் பொறுக்கினால் மலிவாகத் தெரியும். பிறகு கிளட்ச் பிளேட்டின் ஸ்ப்ளைன் எண்ணிக்கை ஒத்துவராது, இன்புட் ஷாஃப்ட் நுனி பைலட் புஷ்ஷை எட்டாது. மிச்சம் பிடித்த பணம் லேத்துக்குப் போய்விடும்.

இன்ஜினைத் தொங்கவிட்டுப் பார்க்காமல் மவுன்ட் பிராக்கெட்டை முழு வெல்டு போடக் கூடாது. ரேடியேட்டர், ஸ்டீயரிங் தண்டு, எக்ஸாஸ்ட், பானட் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க, புள்ளி வெல்டு மட்டும் வைத்துச் சரிபாருங்கள். டாப்பெட் கவர்மேல் நான்கு இடத்தில் களிமண் உருண்டை வைத்துப் பானட்டை மெதுவாக மூடித் திறங்கள். நசுங்கிய களிமண் 25 மில்லிமீட்டராவது கனம் இருக்க வேண்டும். டீசல் இன்ஜின் அணையும்போது அவ்வளவு குலுங்கும். கீழே ஆயில் சம்ப்புக்கும் முன் ஆக்ஸிலுக்கும் உள்ள இடைவெளியை வண்டி நிற்கும் நிலையில் அளந்து ஏமாறாதீர்கள். பம்ப் ஸ்டாப் தொடும்வரை ஆக்ஸிலை ஜாக்கியால் தூக்கி, அப்போது ஒரு விரல் போகிறதா என்று பாருங்கள். ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் ஓர் அங்குலம், சுற்றிலும் தகட்டுக் கூண்டு. இரண்டாம் கியரில் மெட்டு ஏறும்போது முன்காற்று கிடையாது, இந்தக் கூண்டுதான் இன்ஜினைக் காப்பாற்றும்.

பெட்ரோல் டாங்கில் டீசல் ஊற்றினால் மட்டும் போதாது. டீசல் பம்புக்கு ரிட்டன் லைன் வேண்டும், அதற்கு டாங்கில் தனி வாய் வைக்க வேண்டும். இன்ஜினிலிருந்து சேஸிஸுக்குத் தடித்த எர்த் பட்டை போட மறந்தால் ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்சாரம் ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியே போய், கேபிள் புகைந்து உருகும்.

டிஃபரன்ஷியல் பல் விகிதம் அடுத்த சிக்கல். பழைய வில்லிஸில் 5.38, அதாவது பெரிய பல்சக்கரமான கிரவுனில் 43 பல், அதைச் சுழற்றும் பினியனில் 8. வேறு ஆக்ஸில் ஹவுசிங்குகளில் 4.88 இருக்கும் (39-க்கு 8), 4.27 இருக்கும் (47-க்கு 11). டாப் கியர் நேரடி இணைப்பாக, 6.00-16 டயரில் இன்ஜின் 3,000 சுற்று ஓடும்போது 5.38-இல் வேகம் ஏறத்தாழ 73 கிலோமீட்டர், 4.88-இல் 81, 4.27-இல் 92. மலைமேலேயே ஓடும் வண்டிக்கு 5.38-ஐ மாற்ற வேண்டாம். தேனி, மதுரை என்று சமவெளிக்கும் போகிற டீசலுக்கு 4.88 நடுத்தரமாக இருக்கும். ஃபோர் வீல் வண்டியில் முன்னும் பின்னும் ஒரே விகிதம் இல்லாவிட்டால், லீவரைப் போட்ட கணமே இரண்டு ஆக்ஸிலும் ஒன்றையொன்று இழுத்து, டிரான்ஸ்ஃபர் கேஸ் பல் உதிரும்.

ஹவுசிங்கைத் திறக்காமலே விகிதம் பார்க்கலாம். கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. ஒரு பக்கத்துச் சக்கரம் அசையாமல் இருக்க, மறுபக்கத்தைத் தூக்குங்கள். டயரிலும் பினியனின் வெளிமுனை ஃப்ளாஞ்சிலும் சாக்பீஸ் கோடு போட்டு, தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். ஃப்ளாஞ்ச் ஐந்து சுற்றும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலும் சுற்றினால் 5.38. ஐந்துக்குச் சற்றுக் குறைவு என்றால் 4.88. நாலேகாலில் நின்றால் 4.27. ஒரு சுற்று மட்டும் சுற்றி எண்ணினால் பாதிதான் வரும், அங்கேதான் பலர் குழம்புகிறார்கள்.

ஹவுசிங் மாற்றும்போது பினியன் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்றும் பாருங்கள். பழைய டிரான்ஸ்ஃபர் கேஸில் பின்பக்க இணைப்பு நடுவில் இராது, ஒரு பக்கம் தள்ளியிருக்கும். நடுவில் பினியன் உள்ள ஹவுசிங்கை அதனோடு சேர்த்தால், 80 அங்குல வண்டியில் இருக்கிற குட்டை ஷாஃப்ட் பக்கவாட்டிலும் சாயும், கீழும் சாயும். ஷாஃப்ட்டின் கிராஸ் (யுனிவர்சல் ஜாயின்ட்) சில வாரங்களில் போய்விடும். கமான் பட்டையைக் கூட்டி வண்டியை உயர்த்துவதும் இதே கேட்டைத்தான் கொண்டுவரும். இரண்டு அங்குலத்துக்குமேல் தூக்கவே வேண்டாம்.

பிரேக்கைக் கடைசியில் சொன்னாலும் பணத்தை முதலில் ஒதுக்க வேண்டியது இதற்குத்தான். பழைய வில்லிஸில் 9 அங்குல ட்ரம், ஒற்றைச் சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டர். ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் இல்லை. போடிமெட்டு இறக்கத்தில் அது நேர்ந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. இன்ஜினை மாற்றாவிட்டாலும் இரட்டைச் சர்க்யூட் மாஸ்டருக்கு மாறுங்கள். முன்னால் டிஸ்க் போடுகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. ஜீப்பில் மாஸ்டர் சிலிண்டர் பெடலுக்குக் கீழே, தரைக்கு அடியில் இருக்கிறது, காலிப்பர் அதைவிட உயரம். வண்டி நிற்கும்போது எண்ணெய் மாஸ்டருக்கே திரும்பி வடிந்து, அடுத்த முறை பெடல் வெறுமையாக அமுங்கும். டிஸ்க் லைனில் 2 பிஎஸ்ஐ, ட்ரம் லைனில் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைத் தக்கவைக்கும் ரெசிடுவல் வால்வு வைத்தால் இது தீரும். ட்ரம்முக்கென்று உள்ளேயே வால்வு வைத்த பழைய மாஸ்டரை டிஸ்க்குக்கு இணைத்தால் நேர் எதிர், பேட் விடாமல் உரசிக்கொண்டே இருக்கும். டீசலில் இன்டேக் வேக்குவம் கிடையாது. பூஸ்டர் வைப்பதானால் ஆல்டர்னேட்டரோடு வேக்குவம் பம்ப் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

எல்லாம் பூட்டி முடிந்ததும் முதல் 500 கிலோமீட்டர் சமவெளியில், வெறும் வண்டியாக ஓட்டுங்கள். யு-போல்ட், ஸ்டீயரிங் பாக்ஸ் போல்ட், மவுன்ட் எல்லாவற்றையும் மறுபடி முறுக்குங்கள். புதுப் பட்டை படியும்போது யு-போல்ட் கட்டாயம் தளரும். அதன் பிறகு ஒரு முறை மெட்டு ஏறி, இரண்டாம் கியரிலேயே இறங்கி, அடிவாரத்தில் நிறுத்துங்கள். நான்கு ஹப்பிலும் வெப்பமானியைக் காட்டுங்கள், அது இல்லையென்றால் புறங்கையை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். இடதும் வலதும் ஒரே சூடாக இருந்தால் பிரேக் சரி. ஒரு பக்கம் மட்டும் தனியாகக் கொதித்தால் அந்தச் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்காமல் ஆள் ஏற்ற வேண்டாம்.